தூங்குகிறவரின் கை மரத்ததா?

மயக்க மருந்துத் தொழிலில் இருப்பவனுக்கு நன்றி சொல்ல ஆள் கிடையாது. நாம் வேலை பார்க்கும்போது அவர் தூங்குகிறார், அவர் கண் திறக்கும்போது நாம் அடுத்தவரைத் தூங்கவைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஆபரேஷன் தியேட்டரில் கால் வீங்க நின்றவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஏ.சி. குளிரில் ஒரு டீக்கு ஏங்கியவர்களும், ‘டெக்னீஷியன்’ என்று சொன்னதும் கல்யாண வீட்டில் “எங்க வூட்டு டி.வி.ல கோடு கோடா வருது, வந்து பாக்குறியா?” என்று கேட்கப்பட்டவர்களும் என் கட்சி. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டாயிரம் பிறந்த புதிது. ராயபுரத்தில் ஒரு நடுத்தரத் தனியார் ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து டெக்னீஷியனாக இருந்தேன். பெயர் குணசேகரன், குணா என்றால் போதும். வீடு வியாசர்பாடி ஹவுசிங் போர்டு. திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை எந்த மெஷினில் யார் கையைக் கொடுத்தாலும் எங்களிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். அதனால் எனக்கு முகங்களைவிடக் கைகள்தான் அதிகம் ஞாபகம் இருக்கின்றன. ஒரு முகம் மட்டும் விதிவிலக்கு. அது கொஞ்ச நேரத்தில் வரும்.

தூங்குகிறவனுக்கு எதற்கு ஊசி?

எங்கள் மயக்க டாக்டர் மைதிலி மேடத்துக்கு ஒரு பழக்கம். கை ஆபரேஷனுக்கு ஆளை முழுசாகத் தூங்கவைத்த பிறகும், அக்குளில் ஒரு ஊசி போட்டு அந்தக் கைக்குப் போகும் நரம்புகளை மரத்துப்போகச் செய்வார். தியேட்டரில் இதற்குப் பெயர் பிளாக். தூக்கம் ஆபரேஷனோடு கலைந்துவிடும். பிளாக் சாயங்காலம் வரை நிற்கும். அதாவது, ஆள் முழிக்கும்போது கை வலிக்காது. பிளாக் வேலை செய்திருந்தால்.

அந்த ‘இருந்தால்’தான் வினை. முழித்திருக்கிற ஆள் என்றால் ஸ்பிரிட் பஞ்சைக் கையில் வைத்து, சில்லென்று இருக்கிறதா என்று கேட்டுவிடலாம். தூங்குகிறவரிடம் என்ன கேட்பது? அடையாளம்தான் பார்க்க வேண்டும். கத்தி பட்டதும் பல்ஸ் எகிறுகிறதா, நெற்றி வியர்க்கிறதா, ஊசி போட்ட கை மற்ற கையைவிடச் சூடாகிறதா என்று பார்ப்போம். மரத்த கையில் ரத்தக் குழாய்கள் விரிந்து கை வெதுவெதுவென்று ஆகும். எகிறாமல், வியர்க்காமல், சூடானால் மரத்துவிட்டது என்று அர்த்தம். இல்லையென்றால் ஆள் முழிப்பதற்குள் வேறு வலி மருந்து ஏற்றியாக வேண்டும். இரண்டு கையிலும் குட்டி தெர்மாமீட்டர் ஒட்டி நிமிடத்துக்கு நிமிடம் எழுதுவது என் வேலை. நாளடைவில் தெர்மாமீட்டருக்கு முன்னால் என் புறங்கை சொல்லிவிடும்.

எங்கள் சர்ஜனை எல்லோரும் பெரிய டாக்டர் என்போம். ஊசி பிடிக்கட்டும் என்று கத்தியோடு காத்து நிற்கும் கால் மணி நேரம் அவருக்குச் சுத்தமாகப் பிடிக்காது. ஒருநாள் கையுறையைக் கழற்றி வீசிவிட்டுச் சொன்னார்: “மேடம், கத்துறவன் எப்படியும் முழிச்சுக் கத்தத்தான் போறான். உங்க ஊசி வேலை செஞ்சுதா இல்லையான்னு தூங்கும்போதே உங்களால சொல்ல முடியும்னா நிரூபிச்சுக் காட்டுங்க. இல்லன்னா இந்த ஊசியை நிறுத்திட்டு என் கால் மணி நேரத்தைத் திருப்பிக் குடுங்க.”

பேசக் கூடாது

மறுநாள் மேடம் ஒரு கட்டுப் பழுப்பு கவரோடு வந்தார். தூங்கும்போது அடையாளங்களைப் பார்த்து நான் ஒரு சீட்டு எழுத வேண்டும்: மரத்தது, அல்லது மரக்கவில்லை. முழித்த பிறகு ரெகவரி அறை சிஸ்டர் பஞ்சு வைத்துப் பார்த்து, வலி பத்துக்கு எத்தனை என்று கேட்டு இன்னொரு சீட்டு எழுத வேண்டும். இரண்டும் ஒட்டிய கவரில் மேடத்தின் பீரோவுக்குப் போகும். கட்டு தீர்ந்த பிறகுதான் பிரித்து ஒத்துப்பார்ப்பது. “அதுவரைக்கும் நீங்க ரெண்டு பேரும் பேசக் கூடாது” என்றார். நான் ‘மரத்துடுச்சு’ என்று ஒரு வார்த்தை போட்டுவைத்தால், நோயாளியின் முனகல் சிஸ்டரின் காதில் பாதியாகத்தான் விழுமாம்.

அந்த ரெகவரி சிஸ்டர்தான் ஜெசிந்தா. அப்பாவுக்குத் தண்டையார்பேட்டையில் மளிகை மொத்த வியாபாரம், பூர்வீகம் தூத்துக்குடிப் பக்கம். தியேட்டருக்கும் ரெகவரிக்கும் நடுவே ஒரு ஆடும் கதவு. அதுவரை ஒவ்வொரு கேஸ் முடிந்ததும் அந்தக் கதவருகே இரண்டு நிமிடம் நின்று, முந்தைய ஆள் எப்படி முழித்தார் என்று எனக்கு நடித்துக் காட்டுவாள். நான் தூங்கவைத்த கதைகளின் மறுபாதி முழுக்க அவளிடம்தான் இருந்தது. அந்த இரண்டு நிமிடத்துக்காகத்தான் பாக்கி நாள் முழுக்க நின்றேன் என்று சொல்ல இப்போது எனக்கு வெட்கமில்லை. அப்போது இருந்தது. தொழில் முறைப்படி அவளை ‘சிஸ்டர்’ என்று வேறு கூப்பிட்டாக வேண்டும். இந்த வேதனை புரிகிறவர்களுக்குப் புரியும்.

விதி வந்த முதல் நாள், டிராலியைக் கதவுவரை தள்ளிக்கொண்டுபோய் விட்டேன். வாயைத் திறக்கவில்லை, சத்தியமாக. முகம் மட்டும் தானாகச் சிரித்துவிட்டது. பின்னாலிருந்து மேடத்தின் குரல் வந்தது: “குணா, உன் மூஞ்சியே ரிப்போர்ட் மாதிரி இருக்கு. இனிமே கதவுகிட்ட போறப்ப மாஸ்க்கைக் கழட்டாதே.”

முதல் மார்க்

கவர் போட்டு அனுப்பிய முதல் ஆள் திருவொற்றியூரில் தகடு அழுத்தும் மெஷினில் இருந்தவர். இரண்டு விரல் நசுங்கியிருந்தது. கத்தி பட்டதும் பல்ஸ் எழுபத்தெட்டிலிருந்து நூற்றுப் பத்துக்குப் பாய்ந்தது. கை சூடாகவே இல்லை. மரக்கவில்லை என்று எழுதி ஒட்டினேன். மேடம் உடனே வேறு வலி மருந்து ஏற்றினார். ஆனாலும் ஆள் முழிக்கும்போது வலி மிச்சம் இருந்தது.

கதவுக்கு அந்தப் பக்கம் ஜெசிந்தா நிதானமாகக் கேட்பது கேட்டது. வலியே இல்லையென்றால் பூஜ்யம், தாங்கவே முடியாது என்றால் பத்து, உங்களுக்கு எத்தனை? அழுகைக்கு நடுவே அவர் சொன்னார்: “பத்துக்குப் பத்து போட்டுக்கோ சிஸ்டர். இஸ்கூல்ல ஒரு தபா கூட வாங்கல, இன்னிக்குத்தான் வாங்கிக்கினேன்.”

ஐஸ்காரர்

காசிமேட்டில் படகுகளுக்கு ஐஸ் ஏற்றும் வேலை அவருக்கு. இருபது வருடமாக ஐஸ் பாறையைக் கொக்கி போட்டு இழுத்துத் தோளில் ஏற்றியவர். கொக்கி உள்ளங்கையில் ஏறி நரம்பு அறுந்து வந்திருந்தார். தூங்கவைத்து, பிளாக் போட்டு, தெர்மாமீட்டரை ஒட்டினோம். கை சூடாகிற மாதிரி இருக்கும், உடனே இறங்கும். புறங்கையால் தொட்டுப் பார்த்தேன். இரண்டு கையும் ஒரே மாதிரி, ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த மீன் மாதிரி இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாகச் சீட்டில் ‘தெரியவில்லை’ என்று எழுதினேன். மேடம் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

முழித்ததும் ஜெசிந்தா ஸ்பிரிட் பஞ்சை அடிபட்ட கையில் வைத்துக் கேட்டாள். சில்லென்று இல்லை என்றார். ஒப்பிட்டுப் பார்க்க நல்ல கையில் வைத்தாள். அங்கேயும் இல்லை என்றார். அவள் பயந்துபோனாள். ஊசியே போடாத கை எப்படி மரக்கும்? கன்னத்தில் வைத்தாள், காலில் வைத்தாள். ஆளுக்குப் பொறுமை போய்விட்டது.

அவர் சொன்னதும் அவள் வாய்விட்டுச் சிரித்தது கதவு தாண்டிக் கேட்டது. என் பக்கம் நான் தனியாகச் சிரித்தேன். அவளோடு சேர்ந்து சிரிக்க வேண்டிய சிரிப்பைத் தனியாகச் சிரிப்பது எவ்வளவு பாழாய்ப்போன காரியம் என்று அன்றுதான் தெரிந்தது. அவர் சொன்னது இதுதான்: “இன்னா சிஸ்டர், பஞ்சுல தண்ணி தொட்டு வெச்சிக்கினு சில்லுன்னு கீதான்னு கேக்குற? ஐஸு மேலயே குந்திக்கினு சோறு துன்றவன்கிட்ட கேக்குற கேள்வியா இது?”

இல்லாத பிரஷர்

என் தொழில் கர்வத்தை எண்ணூர்க்காரர் ஒருவர் அடக்கினார். ஹார்பரில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். வீட்டு மோட்டார் பெல்ட்டில் கை மாட்டிக்கொண்டது. பெரிய டாக்டர் கத்தி வைத்தார். பல்ஸ் அறுபது. தோலைப் பிரித்தார், அறுபது. எலும்பைத் தொட்டார், அறுபத்திரண்டு. இப்படி ஒரு பிளாக்கை நான் பார்த்ததே இல்லை. கை சூடு பெரிதாக ஏறவில்லைதான், ஆனால் பல்ஸ் இவ்வளவு அழகாக இருக்கும்போது சூடு யாருக்கு வேண்டும்? ‘நன்றாக மரத்தது’ என்று எழுதி, ‘நன்றாக’ என்பதற்கு அடிக்கோடு வேறு போட்டேன். வேறு வலி மருந்து தேவையில்லை என்று மேடமும் விட்டுவிட்டார்.

முழித்ததும் அவர் போட்ட அலறலில் வராந்தாவில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். நல்ல கையால் ஜெசிந்தாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. மருந்து ஏற்றி அவர் அடங்க அரை மணி நேரமானது. சாயங்காலம் கல்மண்டபம் பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். அவள் தண்டையார்பேட்டை பக்கம் போக இந்தப் பக்கம், நான் வியாசர்பாடி போக எதிர்ப் பக்கம். அவள் மணிக்கட்டில் ஐந்து விரலும் சிவப்பாகப் பதிந்திருந்தது ரோட்டைத் தாண்டித் தெரிந்தது. என்னால் வந்த காயம் அது. ரோட்டைக் கடந்து ஒரு மன்னிப்புக் கேட்டால் போதும். கவர்கள் பாக்கி இருக்கின்றனவே என்று நின்றேன். நடுவில் பஸ் வந்து நின்றது. போனபோது அவளும் இல்லை.

நடந்தது என்னவென்று மறுநாள் வார்டில் தெரிந்தது. மனுஷன் வருஷக்கணக்காக பிரஷர் மாத்திரை போடுகிறவர். பல்ஸை ஏறவிடாமல் பிடித்துவைக்கிற மாத்திரை. வலித்தாலும் பல்ஸ் காட்டிக்கொடுக்காது. ஆபரேஷனுக்கு முன் பிரஷர் இருக்கிறதா என்று கேட்டதற்கு, இல்லவே இல்லை என்று எழுதிக்கொடுத்தது அவர் மனைவி. ஏனம்மா இப்படி என்று கேட்டேன். அந்த அம்மா என்னைப் பரிதாபமாகப் பார்த்துச் சொன்னார்: “மாத்திரை போட்டுக்கினா பிரஷர் எங்கப்பா கீது? இல்லாதத இருக்குதுன்னு நான் எப்படிப்பா சொல்றது?”

தூக்கத்தில் அழுதவர்

சடையங்குப்பத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். மழை விட்டு நான்கு நாளாகியும் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். அலமாரியைத் தூக்கி மேலே வைக்கப்போய்க் கண்ணாடி உடைந்து மணிக்கட்டில் தசைநார் அறுந்துவிட்டது. தூங்கவைத்துப் பிளாக் போட்டோம். பல்ஸ் அசையவில்லை. மாத்திரை எதுவும் போடுகிறாரா என்று இந்த முறை மூன்று பேரிடம் விசாரித்திருந்தேன். கை நன்றாகச் சூடாகியிருந்தது. எல்லாம் சரி, ஆனால் மூடிய கண்ணின் ஓரத்திலிருந்து கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது.

தூக்கத்தில் கண்ணீர் வந்தால் மயக்கம் போதவில்லை, வலி உறைக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். மேடம் மயக்கத்தைக் கூட்டினார். கண்ணீர் நிற்கவில்லை. கண் சரியாக மூடாமல் உலர்ந்திருக்கலாம் என்று சொல்லி ஈரப் பஞ்சை வைத்தார். நான் வெகுநேரம் யோசித்து, கையை நம்பி, மரத்தது என்று எழுதினேன்.

ஒரு நாள் கழிந்து, சீட்டுகள் பீரோவுக்குப் போன பிறகு, வார்டில் நோயாளிகளோடு நாங்கள் பேசலாம். போய்ப் பார்த்தேன். முழித்தபோது வலியே இல்லை தம்பி, கை இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன் என்றார். அப்புறம் ஏனம்மா தூக்கத்தில் அவ்வளவு அழுதீர்கள் என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “அழுதேனா? நல்லதாப் போச்சு. முழிச்சிக்கினு கீறப்போ அதுக்கெல்லாம் எங்கப்பா நேரம்?”

அடையாளம் பார்த்தல்

மாதங்கள் ஓடின. பேச முடியாதவளிடம் என்ன செய்வது? எனக்குத் தெரிந்த ஒரே வித்தையைக் கையில் எடுத்தேன். அடையாளம் பார்க்க ஆரம்பித்தேன்.

தியேட்டரில் எல்லா ஆண்களையும் அவள் ‘அண்ணே’ என்பாள். என்னை மட்டும் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. இது எனக்குச் சாதகம். டிராலியை வாங்கும்போது என் பக்கம் வந்து வாங்குவாள், எதிர்ப் பக்கம் காலியாக இருந்தாலும். இதுவும் சாதகம்தான். ஆனால் ஒருமுறை டிராலிக் கம்பியில் அவள் விரல் என் விரல்மேல் பட்டது. பனிக்கட்டியாக இருந்தது. சூடாகாத கை மரக்காத கை, அதாவது ஒரு மாற்றமும் இல்லாத கை என்று என் மூளை தன் பாட்டுக்கு எழுதிக்கொண்டது. அவள் அப்போதுதான் குழாயில் கை கழுவிவிட்டு வந்தாள் என்பது வீட்டுக்குப் போய்ச் சோற்றில் கை வைக்கும்போதுதான் உறைத்தது. எங்கள் வீட்டுக் கூடத்தில் புத்தர் படம், அவள் வீட்டில் நிச்சயமாக மாதா படம். அவள் அப்பா கடைக்கு முன்னால் லாரி நிற்கும், என் அப்பா அந்த மாதிரி லாரியில் மூட்டை ஏற்றியவர். இதையெல்லாம் கூட்டிக் கழித்து, தினமும் ராத்திரி ஒரு முடிவு எழுதுவேன். காலையில் கதவருகே அவள் கண்ணைப் பார்த்ததும் அதை அடித்துவிடுவேன்.

ஏக்கம் என்றால் என்னவென்று எனக்கு அந்த ஐந்து மாதம் சொல்லிக்கொடுத்தது. பத்தடி தூரத்தில் ஒரு கதவு, அதற்குப் பின்னால் அவள் குரல், அந்தக் குரல் எல்லோரிடமும் ‘வலிக்குதா’ என்று கேட்கிறது. என்னிடம் தவிர. எனக்கும் எங்காவது ஒரு வெட்டு விழுந்து அந்தப் பக்கம் படுத்திருக்கக் கூடாதா என்றுகூட நினைத்திருக்கிறேன்.

எண்ணூரில் பைப்லைன் வேலை பார்த்த வெல்டர் ஒருவர் இந்த நிலைமையை ஒரே நாளில் கண்டுபிடித்துவிட்டார். வார்டில் அவருடைய கையைப் பார்த்துக்கொண்டே, ரெகவரியில் சிஸ்டர் எப்படிப் பார்த்துக்கொண்டார்கள் என்று கேட்டேன். வலியைப் பற்றித்தான் கேட்டேன். அவர் கட்டுப் போட்ட கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு சிரித்தார்: “இன்னா மாமு பேஜாரு இது? அந்தப் பொண்ணு வந்து, அவரு கையைத் தொட்டுப் பாத்தாரா, நல்லாப் பாத்துக்கினாரான்னு உன்னிய விசாரிக்குது. நீ வந்து அதை விசாரிக்குற. நடுவுல ஒரு கையை வெட்டிக்கினு நான் எதுக்கு?”

கவர் பிரித்த நாள்

கவர்க் கட்டு தீர்ந்தது. பெரிய டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, மேடம் மேஜையில் இரண்டு வரிசையாகக் கவர்களை அடுக்கிப் பிரித்தார். ஒரு சீட்டு என் கையெழுத்து, ஒரு சீட்டு ஜெசிந்தாவின் கையெழுத்து. ஐந்து மாதத்தில் எங்கள் இருவருடைய எழுத்தும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தது அன்றைக்குத்தான். எண்ணூர்க்காரரின் சீட்டில் என் அடிக்கோடு எல்லோர் முன்னாலும் பல்லைக் காட்டியது. ஐஸ்காரர் சீட்டில் அவளும் ‘தெரியவில்லை’ என்றே எழுதியிருந்தாள். மற்றபடி பெரும்பாலும் ஒத்துப்போயிருந்தது. தூங்குகிறவர் கை மரத்ததா இல்லையா என்று, முழிக்கும் முன்பே எங்களால் ஓரளவு சொல்ல முடியும். பெரிய டாக்டர் வெகுநேரம் சீட்டுகளைப் புரட்டிவிட்டு, “சரி, கால் மணி நேரத்தை நீங்களே வெச்சுக்குங்க” என்று எழுந்து போனார். மேடம் ஜெயித்துவிட்டார்.

எனக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் வேறு. மேடம், இனிமேல் நானும் ஜெசிந்தா சிஸ்டரும் பேசலாமா என்று கேட்டேன். பஸ் ஸ்டாப்பில்கூட ஐந்து மாதம் எதிர்ப் பக்கமே நின்றேன் என்று என் ஒழுக்கத்தைப் பெருமையாகச் சேர்த்துச் சொன்னேன். மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு வருத்தத்தை நான் பார்த்ததில்லை: “அட பாவி. கேஸைப் பத்திப் பேசக் கூடாதுன்னுதானே சொன்னேன். ரோட்டுல பாத்தா சாப்டியான்னு கேக்கக் கூடாதுன்னா சொன்னேன்? அவ வெள்ளிக்கிழமை மஸ்கட் போறாடா.”

கல்மண்டபம்

அன்று சாயங்காலம் ரோட்டைக் கடந்தேன். ஐந்து மாதமாகக் கடக்காத ரோடு, பார்த்தால் இருபது அடிகூட இருக்காது. ஜெசிந்தா தோளில் பையோடு நின்றிருந்தாள். மாஸ்க் இல்லாமல் இவ்வளவு பக்கத்தில் அவளைப் பார்த்து வெகுநாளாகியிருந்தது. முகவாயில் ஒரு சின்ன மச்சம் இருந்தது எனக்கு மறந்தே போயிருந்தது.

முதலில் மணிக்கட்டைப் பற்றி மன்னிப்புக் கேட்டேன். எந்த மணிக்கட்டு என்றாள். சொன்னேன். அது ஆறிப்போய் எத்தனை நாளாச்சு என்று சிரித்தாள். மஸ்கட்டில் பெரிய ஆஸ்பத்திரியாமே என்றேன். ஆமாம், இரண்டு வருட ஒப்பந்தம், தங்கைக்கு ஒரு வழி பண்ண அப்பாவுக்கும் உதவியாக இருக்கும் என்றாள். ஒரு பஸ் வந்தது. அவள் ஏறவில்லை. அதுவும் ஓர் அடையாளம்தான் என்று குறித்துக்கொண்டேன். புத்தி போகிறதா பாருங்கள்.

அப்புறம் எப்படியோ வாய் திறந்துவிட்டது. அண்ணே என்று கூப்பிடாததைச் சொன்னேன். என் பக்கம் வந்து டிராலி வாங்கியதைச் சொன்னேன். சில்லென்று பட்ட விரலைச் சொன்னேன். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தும் உங்கள் மனசில் என்ன இருக்கிறதென்று கடைசிவரை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை, சிஸ்டர் என்றேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கண்ணில் தண்ணீர் நின்றது. நானோ, தயங்கித் தயங்கி, இப்போது கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று மட்டும் கேட்டேன்.

அடுத்த பஸ்ஸும் வந்து நின்றது. இந்த முறை அவள் படிக்கட்டில் கால் வைத்துவிட்டாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள். கண்டக்டர் விசில் ஊதுவதற்குள் சொல்லி முடித்தாள்: “ரெண்டு மாசம் முன்னாடி கேட்டிருந்தா அந்த மஸ்கட் பேப்பர்ல கையெழுத்தே போட்டிருக்க மாட்டேன். அடையாளம் பாக்கறதெல்லாம் மயக்கத்துல இருக்கறவங்களுக்கு. நான் முழிச்சுட்டுத்தானே இருந்தேன், கேக்க வேண்டியதுதானே குணா?”

அதற்குப் பிறகு எத்தனையோ கைகளைத் தொட்டுப் பார்த்துவிட்டேன், மரத்ததா இல்லையா என்று சொல்வதில் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை என்னை மிஞ்ச ஆளில்லை என்கிறார்கள், ஆள் நன்றாகத் தூங்கிக்கொண்டிருக்கும் பட்சத்தில்.